உட்பகையும் வெளிப்பகையும்: கர்னாத்தா அமீரின் நூலை முன்வைத்து

அந்தலுஸின் வீழ்ச்சிக்கு நம்மிடையே வழங்கிவரும் விளக்கம் மிகச் சுருக்கமானது. முஸ்லிம்கள் தமக்குள் அடித்துக்கொண்டனர். பகைவர் ஒன்றுபட்டு வந்தனர். நாடு கைவிட்டுப் போயிற்று. ஜும்ஆ மேடைகளிலும் மீலாது மலர்களிலும் இவ்விளக்கம் பன்னெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. பிணக்கு கோழைமைக்கும் வலிமையிழப்புக்கும் வழிவகுக்கும் என்று சூரா அல்அன்ஃபாலின் 46ஆம் வசனம் விடுக்கும் எச்சரிக்கை இவ்விளக்கத்திற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. எச்சரிக்கை மெய்யானது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பிணக்கு எவ்வாறு தொடங்கிற்று, யாருக்கிடையே நிகழ்ந்தது, வெளிப்பகை எந்த வாயில் வழியே உள்ளே நுழைந்தது என்ற வினாக்களை நாம் எழுப்புவதில்லை. வினா எழுப்பப்படாத வரலாறு படிப்பினை ஆகாது, பழமொழியாகத் தேய்ந்துவிடும்.

தேய்ந்த பழமொழிக்கு ஒரு தீங்கும் உண்டு. ‘பிளவுபட்டதால் அழிந்தோம்’ என்பதிலிருந்து ‘ஆகவே யாரும் எதையும் கேளாதீர்கள்’ என்ற முடிவுக்கு வருவது எளிது. குறையை எடுத்துச் சொல்பவன் பிளவை உண்டாக்குபவன் ஆகிவிடுகிறான். கணக்குக் கேட்பவன் பகைவனுக்குத் துணைபோகிறவன் ஆகிவிடுகிறான். இந்த முடிவு அந்தலுஸின் வரலாற்றிலிருந்து பெறப்படுவதுதானா என்பதை உரைத்துப் பார்க்க ஒரு நூல் நம்மிடம் இருக்கிறது. அதனைத் திறனாய்வு நோக்கில் வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கர்னாத்தாவை (கிரனாடா) ஆண்ட ஸீரி குலத்தின் கடைசி அமீர் அப்துல்லாஹ் இப்னு புலுக்கீன் எழுதிய ‘அத்திப்யான்’ என்பதே அந்நூல். ஸீரி குலத்தாரின் ஆட்சிக்கு நேர்ந்த நிகழ்வைப் பற்றிய விளக்கம் என்பது அதன் முழுத் தலைப்பின் பொருள். 1073இல் (ஹி. 465) பாட்டனார் பாதீஸின் மறைவுக்குப் பின் பதின்ம வயதில் அரியணை ஏறிய அப்துல்லாஹ், 1090இல் (ஹி. 483) முராபித்துகளின் தலைவர் யூசுஃப் இப்னு தாஷுஃபீனால் பதவி நீக்கப்பட்டு, மொரோக்கோவின் அக்மாத் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கே இருந்துகொண்டுதான் இந்நூலை எழுதினார். கர்னாத்தாவின் பிற்கால வஸீரும் வரலாற்றாசிரியருமான இப்னுல் கதீப் தம் ‘இஹாத்தா’வில் இதனைக் குறிப்பிடுகிறார். பின்னர் நெடுங்காலம் மறைந்து கிடந்த இதன் ஏடுகளை ஃபாஸ் நகரின் கரவிய்யீன் பள்ளிவாசல் நூலகத்தில் பிரெஞ்சு அறிஞர் லெவி புரோவான்சால் கண்டெடுத்தார். 1955இல் கெய்ரோவில் அது அரபு நூலாக அச்சேறிற்று. ஓர் அரசர் தம் ஆட்சியைப் பற்றியும் தம் வீழ்ச்சியைப் பற்றியும் தாமே எழுதிய நூல் அரபு மரபில் மிக அரிது.

நூலின் பின்புலத்தைச் சிறிது நினைவுகூர்வோம். 1009இல் தொடங்கிய ஃபித்னாவின் முடிவில், 1031இல் (ஹி. 422) குர்துபாவின் உமையாக் கிலாஃபத் ஒழிந்தது. அதன் இடத்தில் நகருக்கொரு அரசு எழுந்தது. இவர்களையே வரலாறு ‘முலூக்குத் தவாயிஃப்’, அதாவது குழு அரசர்கள் என அழைக்கிறது. இஷ்பீலிய்யாவில் (செவில்) அரபு அப்பாதிகள், துலைத்துலாவில் (தொலேடோ) துன்னூன் குலத்தார், கர்னாத்தாவில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஸன்ஹாஜா பர்பர்களாகிய ஸீரிகள் என ஒவ்வொருவரும் ஒரு கோட்டையையும் ஒரு கருவூலத்தையும் பற்றிக்கொண்டனர். பட்டப்பெயர்கள் மட்டும் கலீஃபாக்களுடையவையாக இருந்தன.

அழைத்து வரப்பட்ட பகைவர்

நூலில் நம்மை முதலில் நிறுத்துவது காஸ்டீலின் மன்னர் ஆறாம் அல்ஃபோன்ஸோ கர்னாத்தாவிடம் கப்பம் கேட்ட நிகழ்ச்சி. அமீர் ஆட்சிக்கு வந்த தொடக்கத்தில் அல்ஃபோன்ஸோவின் தூதர் பணம் கேட்டு வந்தார். இளம் அமீர் மறுத்தார். தமக்கும் அல்ஃபோன்ஸோவின் நாட்டிற்கும் இடையே வேறு அரசுகள் இருக்கையில், அவர் தம்மை என்ன செய்துவிட முடியும் என்பது அமீரின் எண்ணம். அவர் நிலப்படத்தைக் கணக்கிட்டார். அண்டை வீட்டாரைக் கணக்கிடவில்லை. இஷ்பீலிய்யாவின் அமைச்சரும் கவிஞருமான இப்னு அம்மார் அதே தூதரை அணுகினார். கர்னாத்தாவைப் பிடிக்க உதவினால் நகரம் தம் மன்னர் முஃதமிதுக்கு, கருவூலம் அல்ஃபோன்ஸோவுக்கு என்பது பேரம். கர்னாத்தாவின் வயல்வெளியை அச்சுறுத்தும் வகையில் ஒரு கோட்டையும் எழுந்தது. இறுதியில் அல்ஃபோன்ஸோ தாமே நேரில் வந்தபோது, ஆண்டுக்கு 10,000 மிஸ்கால் பொன் தர அமீர் உடன்பட வேண்டியதாயிற்று. வெளிப்பகை மதிலை இடித்துக்கொண்டு வரவில்லை. அண்டை முஸ்லிம் அரசு கையைப் பிடித்து அழைத்து வந்தது.

இதைவிட வியப்பானது, அல்ஃபோன்ஸோவின் உள்ளக்கிடக்கையை அமீர் நன்கு அறிந்திருந்தார் என்பது. அந்நாட்டின் பெருநகரங்களைப் போரிட்டுப் பிடித்தால் செலவும் உயிரிழப்பும் தமக்கே. பிடித்தாலும் வேற்றுச் சமயத்து மக்களை அடக்கி வைத்திருப்பது அரிது. எனவே ஒருவரை ஒருவர் மீது ஏவி, இருவரிடமும் பொன்னைக் கறந்து, வலுவிழந்த பின் எளிதாக எடுத்துக்கொள்வதே தக்கது என்று அவர் எண்ணியதாக அமீர் எழுதுகிறார். அல்ஃபோன்ஸோவின் அவையைச் சேர்ந்த ஸிஸ்னாந்தோ என்பவர் இதே கருத்தைத் தம்மிடம் நேரடியாகச் சொன்னதாகவும் பதிவு செய்கிறார். பகைவரின் திட்டத்தை அறிந்தும் அதன்படியே நடந்துகொண்ட அரசரின் நூல் இது. ஆகவே ‘விழிப்புணர்வு இல்லாததால் வீழ்ந்தார்கள்’ என்ற விளக்கமும் நிற்பதில்லை. அவர்கள் விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் நாளைய பகைவரைவிட இன்றைய பங்காளியே பெரிதாகத் தெரிந்தார்.

ஒற்றுமை மட்டுமா வேறுபாடு?

பகைவர் ஒன்றுபட்டிருந்தனர் என்பதும் வரலாற்றுக்குப் பொருந்தாதது. 1065இல் முதலாம் ஃபெர்னாந்தோ இறந்ததும் அவர் மக்கள் மூவரும் பங்கிட்ட நாட்டுக்காக ஒருவரோடு ஒருவர் போரிட்டனர். அண்ணன் ஸாஞ்சோவிடம் தோற்ற அல்ஃபோன்ஸோ, 1072இல் தஞ்சம் புகுந்தது துலைத்துலாவின் முஸ்லிம் மன்னர் மஃமூனிடம். அதே ஆண்டில் ஸாஞ்சோ ஸமோரா நகருக்கு வெளியே கொல்லப்பட்டார். அரியணை மீண்ட அல்ஃபோன்ஸோ இளைய தம்பி கார்ஸியாவைச் சிறையிட்டார்; அவர் சிறையிலேயே மாண்டார். காஸ்டீலின் புகழ்பெற்ற வீரர் ஸித் தம் மன்னரால் நாடு கடத்தப்பட்டு, 1081 முதல் ஸரகுஸ்தாவின் முஸ்லிம் மன்னரிடம் பணிபுரிந்தார். உடன்பிறந்தார் சண்டை இருபுறமும் இருந்தது. பின் வேறுபாடு எங்கே?

அப்பக்கத்துச் சண்டையில் பணம் வெளியே போகவில்லை. இப்பக்கத்துச் சண்டைகள் அனைத்தின் செலவும் ஒரே கருவூலத்தில் போய்ச் சேர்ந்தது. கர்னாத்தா கொடுத்த பொன்னும், கர்னாத்தாவை எதிர்க்க இஷ்பீலிய்யா கொடுத்த பொன்னும் அல்ஃபோன்ஸோவுடையவையே ஆயின. அப்பொன்னைக் கொண்டுதான் படை திரட்டப்பட்டது. மஃமூனின் பேரர் காதிரைத் துலைத்துலா மக்களே விரட்டியபோது, அவரை மீண்டும் அமர்த்தியவர் அல்ஃபோன்ஸோ. அதற்கான விலை 1085இல் (ஹி. 478) தெரிந்தது. காதிர் துலைத்துலாவை ஒப்படைத்துவிட்டு, ஈடாக பலன்ஸியாவைப் பெற்றுக்கொண்டார். தஞ்சம் தந்த நகரைப் பதின்மூன்றே ஆண்டுகளில் அல்ஃபோன்ஸோ தமதாக்கிக்கொண்டார். கருத்து வேறுபாடு ஒரு சமுதாயத்தை அழிப்பதில்லை. வேறுபாட்டைத் தீர்க்கும் நடுவர் பொறுப்பு எவர் கைக்குப் போகிறது என்பதே அழிவையும் வாழ்வையும் தீர்மானிக்கிறது.

மன்னரும் மக்களும்

நாம் பிளவு என்று பேசும்போது மன்னர்களுக்கிடையேயான பிளவையே கருதுகிறோம். அமீரின் நூல், அவர் விரும்பாமலேயே, வேறொரு பிளவைக் காட்டுகிறது. கப்பத்துக்கான பொன் குடிமக்களிடமிருந்து வந்தது. ஷரீஅத் விதித்த ஸகாத்தும் உஷ்ரும் அதற்குப் போதவில்லை. எனவே ஷரீஅத்தில் இடமில்லாத வரிகள் சுமத்தப்பட்டன. இதனை முதலில் உரத்துக் கண்டித்தவர்களுள் ஒருவர் இமாம் இப்னு ஹஸ்ம் (ரஹ்). 1064இல் (ஹி. 456) மறைந்த அப்பெருமகனார், முறையற்ற வரிகளுக்காகவும் முஸ்லிம்களின் கோட்டைகளைப் பிறரிடம் ஒப்படைத்ததற்காகவும் தம் காலத்து ஆட்சியாளர்களைப் பெயரளவிலும் பொறுத்துக்கொள்ளவில்லை. அவருக்குக் கிடைத்த மறுமொழி, இஷ்பீலிய்யாவில் அவர் நூல்கள் எரிக்கப்பட்டமை. பிளவை உண்டாக்கியவர் இப்னு ஹஸ்ம் அல்லர், பிளவைச் சுட்டிக்காட்டியவர். நூல்களை எரித்தவர்களுக்கு அந்த வேறுபாடு புரியவில்லை. அல்லது புரிந்துகொள்ள விருப்பமில்லை.

உட்பகை சூடேறும்போது முதலில் பலியாவோர் யார் என்பதற்கும் கர்னாத்தாவே சான்று. பாதீஸின் அவையில் யூதரான இஸ்மாயீல் இப்னு நக்ரேலாவும், அவருக்குப் பின் அவர் மகன் யூசுஃபும் வஸீர்களாக இருந்தனர். அமீரின் தந்தை 1064இல் இறந்தார். வஸீர் யூசுஃப்தான் நஞ்சூட்டினார் என்றும், அவர் அல்மரிய்யாவின் ஆட்சியாளரோடு கூடி நகரைக் காட்டிக்கொடுக்க முயன்றார் என்றும் அமீர் எழுதுகிறார். 1066 டிசம்பரில் (ஹி. 459) வஸீர் கொல்லப்பட்டார். அத்தோடு நிற்கவில்லை; அரசவைச் சூழ்ச்சியோடு யாதொரு தொடர்புமற்ற யூதக் குடிகளும் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். அபூ இஸ்ஹாக் அல்இல்பீரி என்ற ஃபகீஹின் கவிதை அந்தச் சினத்தைத் தூண்டிவிட்டது.

இப்பகுதியில் அமீரின் சொல்லை நாம் அப்படியே ஏற்க இயலாது. தந்தை இறந்தபோது அவருக்கு எட்டு வயதளவே இருக்கும். அவர் எழுதுவது குடும்பத்தில் கேட்டறிந்த செய்தி. வஸீர் குற்றவாளியே என வைத்துக்கொண்டாலும், ஒருவர் குற்றத்துக்குப் பிறர் பொறுப்பாவதில்லை என்பது குர்ஆன் மீண்டும் மீண்டும் உரைக்கும் நெறி. திம்மிகளின் உயிரும் உடைமையும் ஒப்பந்தத்தால் காக்கப்பட்டவை. அதை மீறுவது நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்த பாவம். இந்த அடிப்படையைக் கவிதையின் வேகத்தில் ஒரு ஃபகீஹ் மறந்தார் என்பது நம் போன்ற கல்வியாளர்கள் வெட்கத்தோடு நினைவில் வைக்க வேண்டிய செய்தி. அக்கொலைகளால் கர்னாத்தா ஒன்றுபட்டதா? இல்லை. ஏழாண்டுகளில் அப்துல்லாஹ் அரியணை ஏறியபோது பங்காளிச் சண்டை அப்படியே இருந்தது. உள்ளிருக்கும் எளியவர்களை வெளியாராக ஆக்கிக் காட்டுவதால் வெளிப்பகை ஒரு சாண் கூடப் பின்வாங்குவதில்லை.

காப்பவரின் கூடாரம்

துலைத்துலா போனபின்தான் மன்னர்கள் அஞ்சினர். கடல் கடந்து யூசுஃப் இப்னு தாஷுஃபீனை அழைத்தனர். 1086 அக்டோபரில் (ஹி. 479) ஸல்லாக்கா களத்தில் அல்ஃபோன்ஸோ படுதோல்வியுற்றார். நம் மேடைகளில் கதை பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும்: ஒன்றுபட்டார்கள், வென்றார்கள். அமீர் அங்கே நிறுத்தவில்லை. ஈராண்டுகள் கழித்து 1088இல் அலேடோ கோட்டையை முற்றுகையிட்டபோது நிகழ்ந்தவற்றை விரிவாக எழுதுகிறார். நூலின் மிகச் சிறந்த பகுதி இதுவே. கோட்டைக்குள் பகைவர், வெளியே யூசுஃபின் கூடாரம். அக்கூடாரத்தில் மன்னர்கள் ஒவ்வொருவராக வந்து மற்றவர்மீது வழக்குரைத்தனர். முஃதமித், முர்ஸியாவின் இப்னு ரஷீக்மீது குற்றம் சாட்டினார். இப்னு ரஷீக் முஃதமிதிடமே ஒப்படைக்கப்பட்டார். மாலகாவை ஆண்ட அமீரின் சொந்தச் சகோதரர் தமீம், அமீர்மீதே முறையிட்டார். குடிமக்களும் வரிக்கொடுமை பற்றி முறையிட வந்தனர். கோட்டை விழவில்லை. மன்னர்களின் மதிப்புத்தான் விழுந்தது. அந்தலுஸை ஆளத் தகுந்தவர் எவரும் அங்கில்லை என்ற முடிவுக்கு யூசுஃப் வருவதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

யூசுஃப் திரும்பியதும் அல்ஃபோன்ஸோ நிலுவைக் கப்பத்தைக் கேட்டார், அமீர் கொடுத்தார். கர்னாத்தாவின் ஃபகீஹ் இப்னுல் குலைஈ யூசுஃபோடு தொடர்பு கொண்டிருந்தார். அமீர் அவரைச் சிறையிட்டுப் பின் விடுவித்தார். வெளிநாட்டாருக்குப் பொன் அனுப்புபவர், வெளியாரோடு தொடர்பு கொண்டதாக ஓர் ஆலிமைச் சிறையிடுகிறார். இதிலுள்ள முரண் நூலாசிரியருக்கு உறைக்கவே இல்லை. முறையற்ற வரியையும் கப்ப உடன்படிக்கையையும் காட்டி, அம்மன்னர்களை நீக்குவது ஆகுமானது என ஃபுகஹாக்கள் ஃபத்வா அளித்தனர். 1090இல் முராபித்துகள் கர்னாத்தாவை நெருங்கியபோது மக்கள் அமீருக்காகப் போரிட முன்வரவில்லை. அவர் தாமே வெளியே வந்து சரணடைந்தார். தமீமும் அவ்வாண்டே பதவியிழந்தார். அடுத்த ஆண்டு முஃதமிதும் சிறைப்பட்டு அதே அக்மாத்துக்கு வந்து சேர்ந்தார். 1095இல் அங்கேயே மறைந்தார். அடித்துக்கொண்ட அண்டை அரசர்களுக்கு அன்னிய மண்ணில் ஒரே ஊர் வாய்த்தது.

மேலிருந்து திணிக்கப்பட்ட ஒற்றுமை அந்தலுஸைக் காத்ததா என்பதையும் கேட்டாக வேண்டும். சிறிது காலம் காத்தது. 1102இல் பலன்ஸியா மீட்கப்பட்டது. துலைத்துலா மீளவேயில்லை. யூசுஃபின் மகன் அலீயின் காலத்தில், ஷரீஅத் கூறாத வரிகள் மீண்டும் தலைதூக்கின. யூசுஃபை ஆதரித்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா’ 1109இல் குர்துபாவில் எரிக்கப்பட்டது. 1118இல் ஸரகுஸ்தா பறிபோயிற்று. 1140களில் முராபித்துகள் தளர்ந்ததும் குழு அரசர்கள் மீண்டும் முளைத்தனர். கேள்வி கேட்போரின் நூலை எரிப்பதில் பிளவுண்ட மன்னர்களும் ஒன்றுபடுத்திய மன்னர்களும் வேறுபடவில்லை. காரணம் களையப்படாத இடத்தில் நோய் திரும்பி வருவது இயல்பே.

நூலின் தகுதியும் குறையும்

ஒரு நூலாக ‘அத்திப்யான்’ குறைகள் பல உடையது. அமீர் தம் வீழ்ச்சிக்குப் பிறர் பொறாமையையும் அமைச்சர் சூழ்ச்சியையும் காரணமாக்குகிறார். எஞ்சியதைத் தம் பிறப்பின் கோள்நிலையில் ஏற்றிவிடுகிறார். வரி கொடுத்த குடியானவன் என்ன எண்ணினான் என்பதை ஒருமுறையும் உள்ளிருந்து காண அவரால் இயலவில்லை. ஆயினும் அவரிடம் ஓர் அரிய பண்பு இருக்கிறது: பிறர் தம்மைப் பற்றிச் சொன்னதை, பகைவர் சொன்னதையும் கூட, மறைக்காமல் எழுதிவைக்கிறார். தம் வழக்கை நிறுவ அவர் தரும் சான்றுகளே அவர் வழக்கை உடைக்கின்றன. இதனாலேயே நூல் நமக்குப் பயன்படுகிறது.

நம் அரபுக் கல்லூரிகளில் அபுல் பகா அர்ருன்தியின் இரங்கற் கஸீதாவை மாணவர் மனனம் செய்வதுண்டு. குர்துபாவும் (1236) இஷ்பீலிய்யாவும் (1248) வீழ்ந்த நூற்றாண்டின் கண்ணீர் அது, இலக்கியமாக ஈடிணையற்றது. அதன் அருகில் ‘அத்திப்யானை’ வைத்துக் கற்பிப்பதை நாம் கண்டதில்லை. இரங்கற்பா இழந்ததைப் பட்டியலிடும். எப்படி இழந்தோம் என்று சொல்லாது. கண்ணீரை மட்டும் மனனம் செய்த தலைமுறைக்குக் கணக்குப் பார்க்கத் தெரிவதில்லை.

நம் மஹல்லாக்களின் நிலையை இதனோடு ஒப்பிட வாசகர்களுக்கு நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. பிறையில் வேறுபட்டு ஒரே தெருவில் இரு நாட்களில் பெருநாள் கொண்டாடிய ஊர்கள் உள்ளன. கருத்து வேறுபாட்டால் மட்டும் அவ்வூர்கள் கெட்டுவிடவில்லை. மத்ஹபுகள் வேறுபட்டும் உம்மத் வாழ்ந்துதான் இருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாக வழக்கு முதலில் காவல் நிலையத்திற்கும் பின் நீதிமன்றத்திற்கும் செல்லும்போதும், வக்ஃபின் வருவாய் வழக்குச் செலவில் கரையும்போதும், எதிர்த் தரப்பாரைச் சமுதாயப் பகைவரின் கையாள் என்று துண்டுப் பிரசுரம் பேசும்போதும்தான் அலேடோவின் கூடாரம் நம் ஊருக்கு வந்து சேர்கிறது. வெளியிலிருந்து நமக்கு அச்சுறுத்தல் இல்லை என்று எவரும் சொல்ல மாட்டார். ஆனால் அவ்வச்சத்தைக் காட்டி உள்ளே கணக்குக் கேட்பவரின் வாயை அடைப்பவர், அச்சுறுத்துவோரின் வேலையில் பாதியை முடித்துக் கொடுக்கிறார்.

தமிழ் மரபும் இதை அறிந்தே இருந்தது. திருக்குறள் பகையின் இயல்பைப் பல அதிகாரங்களில் பேசிவிட்டு, உட்பகைக்கெனத் தனி அதிகாரம் ஒன்றை ஒதுக்கியிருக்கிறது. உட்பகையை நீக்கும் வழி, வாய்களை மூடுவதன்று. கணக்கைத் திறந்து வைப்பதும், எளியவரை வெளியாராக்காதிருப்பதும், வழக்கைத் தமக்குள் நீதியோடு தீர்க்கும் நடுவர்களை உருவாக்கி அவர்தம் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதுமே வழி. இம்மூன்றும் கர்னாத்தாவில் இல்லை. அதனால்தான் பகைவரின் எண்ணத்தை முற்றும் அறிந்திருந்த ஓர் அரசர், அதனை எழுதிவைக்க அக்மாத் வரை போக நேர்ந்தது.